இடம் மாறிய கை

வெற்றிமாறனின் ‘வடசென்னை’ (2018) திரைப்படத்தை வெறும் அடிதடிக் கதையென ஒதுக்குவோர் உளர். அது தகாது. கேரம் ஆட்டத்தில் தேர்ந்த குப்பத்து இளைஞன் அன்புவின் கையில் கத்தி ஏறியது எங்ஙனம்? பிறவிக் குணத்தாலன்று, ஊரை விலைபேசிய மூத்தோராலும், பழிதீர்க்க அவனைக் கருவியாக்கியோராலும் என்கிறது படம். அநீதியைக் குறிக்கும் ‘ளுல்ம்’ என்ற அரபுச் சொல்லுக்கு, ஒன்றை அதற்குரியதல்லாத இடத்தில் வைத்தல் என அகராதியாளர் பொருள் கூறுவர். அன்புவின் கை அவ்வாறு இடம் மாறிய கை.

ஆயினும் குறையொன்று உண்டு. ஊரைக் காக்கவும் இறுதியில் கத்தியையே நாடுகிறது படம். எங்கள் திருப்பாலைவனத்தை அடுத்த பழவேற்காட்டு ஏரியில், வலையிடும் இடத்தைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்வர். அதற்குப் ‘பாடு’ என்று பெயர். பாடு பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் இடையே பூசல் மூண்டதுண்டு. அப்பூசலைத் தீர்ப்பது கத்தியன்று, நேரிய பங்கீடே. அதைப் படம் சொல்லியிருக்கலாம்.