எந்தத் தெரு, எத்தனையாவது வீடு: தமிழில் பெண்கள் வரலாறு எழுதிய பாணிகள்

பெரியபுராணத்தின் அறுபத்துமூவரில் பெண்கள் மூவர். காரைக்கால் அம்மையாருக்குச் சேக்கிழார் தந்தது 66 பாடல். மங்கையர்க்கரசியாருக்கு 3. சுந்தரரைப் பெற்ற இசைஞானியாருக்கு 1. மங்கையர்க்கரசியாரையாவது சம்பந்தர் வரலாற்றுக்குள் மறுபடி பார்க்கிறோம். பாண்டிய நாட்டில் அவர் செய்த காரியம் அங்கே விரிவாகவே வருகிறது. இசைஞானியாருக்கு அந்த வாய்ப்பும் அதிகமில்லை. நியாயமாகச் சொன்னால் அவர் கணவர் சடையனாருக்கும் ஒரே பாடல்தான். இருவரும் மகன் பெயரால் உள்ளே வந்தவர்கள்.

66 பாடல் பெற்ற அம்மையாருக்கு மட்டும் நாம் என்ன செய்துவிட்டோம்? காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா அமர்க்களமாக நடக்கிறது. புனிதவதி, பரமதத்தன், மாங்கனி என்று கதை ஊருக்கே மனப்பாடம். அற்புதத் திருவந்தாதியும் திருஇரட்டை மணிமாலையும் திருவாலங்காட்டு மூத்த பதிகங்களும் பாடியவர், தேவார மூவருக்கும் முந்தையவர், அந்தாதி பாடுவதில் முன்னோடி என்பதெல்லாம் தமிழ் இலக்கிய வகுப்போடு நின்றுவிடுகிறது. புலவர் மறைந்து மாம்பழம் நின்றது. சேக்கிழார் அவர் பாடிய நூல்களைச் சொல்லத்தான் செய்கிறார். கதையாக மட்டும் வாங்கிக்கொண்டவர்கள் நாம்.

புராணப் பாணி என்று இதைச் சொல்லலாம். தமிழில் பெண் வரலாறு எழுதும் மரபுக்கு இதுவே மூத்த பாணி. அற்புதத்தையும் கற்பையும் பக்தியையும் சொல்லும், அன்றாடத்தைத் தொடாது. இன்றும் மேடைகளில் வேலுநாச்சியாரும் குயிலியும் இந்தப் பாணியில்தான் வருகிறார்கள். வேலுநாச்சியாருக்கு வரலாற்றில் ஊன்ற இடமிருக்கிறது. ஹைதர் அலியின் உதவியோடு சிவகங்கையை மீட்டவர். அவர் படையில் இருந்ததாகச் சொல்லப்படும் குயிலியின் கதையோ பெரும்பாலும் வாய்மொழியையும் பிற்கால எழுத்தையும் நம்பி நிற்பது. இரண்டையும் ஒரே உறுதியோடு எழுதும் புத்தகத்தை நான் பாதியில் மூடிவிடுவேன். வாய்மொழி மட்டம் என்பதால் அல்ல. எது வாய்மொழி, எது ஆவணம் என்று சொல்ல வேண்டியது எழுதியவர் கடமை.

பெரியபுராணம் எழுந்ததற்கு ஒரு நூறாண்டுக்கு முன்பே இதற்கு நேர் எதிரான ஒரு வரலாற்றை, வரலாறு எழுதுகிறோம் என்ற நினைப்பே இல்லாத கணக்கர்கள் எழுதிவைத்துவிட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயில் மதிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு அது. சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் பணிப் பெண்களின், பட்டியல். எந்தத் தளிச்சேரி, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர் எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன, பங்கு எவ்வளவு என்று ஒவ்வொருத்திக்கும் பதிவு உண்டு. ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. ஒரு பங்கென்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருத்தி இறந்தால் அவள் பங்கை யார் பெறுவது, அடுத்த உறவினருக்கு அந்தப் பணிக்குத் தகுதி இல்லையென்றால் என்ன செய்வது என்பதும் கல்லிலேயே இருக்கிறது.

இந்த 400 பேரில் ஒருத்தியின் அழகைப் பற்றியும் ஒரு வரி கிடையாது. குணநலன் கிடையாது. ஆனால் பெயர் இருக்கிறது, முகவரி இருக்கிறது, வருமானம் இருக்கிறது. லெஸ்லி ஓர் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இடைக்காலத் தமிழகக் கோயில் பெண்களை 'தேவதாசி' என்ற பிற்காலக் கண்ணாடி போடாமல் பார்த்தபோது அவருக்குக் கைகொடுத்தவை இம்மாதிரிக் கல்வெட்டுகளே. கோயிலுக்கு நிலமும் விளக்கும் கொடையளித்தவர்களாக அந்தப் பெண்கள் அதில் எழுந்துவருகிறார்கள். பெண் வரலாறு எழுதுகிறவர்கள் தஞ்சை மதிலை ஒருமுறை சுற்றிவிட்டு வந்து பேனாவை எடுத்தால் பாதி அடைமொழிகள் தாமாக உதிரும்.

உதிரவில்லை என்பதற்குச் சாட்சி, 20-ஆம் நூற்றாண்டில் தழைத்த 'பெண்மணிகள்' பாணி. மாதர்குல மாணிக்கங்கள், வீராங்கனைகள், முதல் பெண்கள் என்று கோத்த தொகுப்புகள். பாடநூலுக்கும் பேச்சுப்போட்டிக்கும் இவைதான் தீனி. முற்றாகத் தள்ளவும் மனம் வரவில்லை. வேறு எதுவும் கிடைக்காத காலத்தில் பெண் குழந்தைகளின் கைக்கு எட்டியவை இவையே. மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார் 'முப்பெண்மணிகள் வரலாறு', 'மேனாட்டுப் பெண்மணிகள்' என்று எழுதினார். நோக்கம் நேரடியானது: படிக்கிற பெண்ணுக்கு எதிரே நாலு பெண்களைக் கொண்டுவந்து நிறுத்துவது. அப்படி நிறுத்திய நீலாம்பிகையை நிறுத்த ஆளில்லாமல் போயிற்று. 1938 நவம்பரில் சென்னையில் அவர் தலைமையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ரா.வைப் 'பெரியார்' என்று அழைக்கத் தீர்மானம் போட்டது. பட்டம் தெரியாத தமிழர் இல்லை. கொடுத்த பெண்களின் பெயர் கேட்டால் கூட்டத்தில் இரண்டு கை உயர்ந்தால் அதிகம்.

இன்னொரு முரண் அசலாம்பிகை அம்மையார். 'இக்கால ஒளவையார்' என்று திரு.வி.க. கொண்டாடிய புலவர் அவர். காந்தி புராணம், திலகர் புராணம் என்று ஆண்களுக்குப் புராணம் பாடினார். அவருக்குப் பாட யாரும் வரவில்லை.

இந்தப் பாணியின் பெரிய குறை, பெயரை வைத்துக்கொண்டு ஆளைத் தொலைப்பது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இலிருந்து அரசுத் திருமண உதவித் திட்டம் நடந்தது. 2022-இல் அது பெண்களின் உயர்கல்விக்கான உதவியாக மாறியது. விண்ணப்பப் படிவத்தில் அந்தப் பெயரை எழுதிய குடும்பங்கள் எத்தனையோ. அவர் 1936-இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்றொரு நாவல் எழுதியவர், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு வழக்கத்தை உள்ளிருந்தே கண்டு எதிர்த்தவர், 1938-இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த இந்தி எதிர்ப்புப் படையில் சென்றவர் என்பது படிவத்தில் இல்லை. பா. ஜீவசுந்தரி போன்றவர்கள் அவர் வாழ்வையும் பணியையும் தேடி எழுதிய பிறகுதான் பெயருக்குப் பின்னால் ஓர் ஆள் தெரிந்தார்.

தேடி எழுதுவது தனிப் பாணி. அதற்குத் தமிழ்நாட்டில் ஒரு தாய்வீடு உண்டென்றால் அது பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் செய்த ஒரு பதிப்புவேலை. நூல் தெலுங்கு, பிறந்த இடம் தஞ்சாவூர், சண்டை நடந்த இடம் சென்னை. 18-ஆம் நூற்றாண்டில் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் அவையில் இருந்த முத்துப்பழனி என்ற கணிகை 'ராதிகா சாந்த்வனமு' என்ற காவியம் பாடினார். கண்ணன் இளையவள் ஒருத்தியை மணக்க, கோபித்துக்கொண்ட ராதையை அவன் சமாதானப்படுத்தும் கதை. காமத்தைப் பெண்ணின் பக்கம் நின்று கூச்சமில்லாமல் பேசும் நூல். 19-ஆம் நூற்றாண்டில் அது அச்சேறியபோது சில பாடல்களோடு இன்னொன்றையும் வெட்டிவிட்டார்கள்: முத்துப்பழனி தன்னைப் பற்றியும் தன் குலத்துப் பெண்களைப் பற்றியும் சொன்ன முன்பகுதி. பாடல்களை ஆபாசம் என்று வெட்டினார்கள் என்றால் ஒருவாறு புரிகிறது. பாட்டி பெயரில் என்ன ஆபாசம்?

நாகரத்தினம்மாள் அச்சுப் பிரதியைச் சுவடியோடு வைத்துப் பார்த்துக் குறையைக் கண்டுபிடித்தார். 1910-இல் வாவிள்ள ராமசாமி சாஸ்திருலு நிறுவனத்தின் வழியே முழு நூலையும் கொண்டுவந்தார். கந்துகூரி வீரேசலிங்கம் போன்ற பெரிய சீர்திருத்தவாதி முத்துப்பழனியைத் தூற்றியிருந்தார். அதே அளவு சிருங்காரத்தை ஆண் எழுதினால் பதிப்பிக்கலாமா என்று நாகரத்தினம்மாள் திருப்பிக் கேட்டார். 1911-இல் அரசு நூலைத் தடை செய்தது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில்தான் தடை நீங்கியது. ஒரு கணிகையை இன்னொரு கணிகை மீட்ட கதை இது. மீட்டவரைப் பற்றிய விரிவான வாழ்க்கை வரலாறு, வி. ஸ்ரீராம் ஆங்கிலத்தில் எழுதி வெளிவந்தது, 2007-இல்.

ஸ்ரீராமின் புத்தகத்தை நான் மதிப்பதற்குக் காரணம், அது நாகரத்தினம்மாளைத் திருவையாற்றோடு முடித்துவிடவில்லை என்பது. அங்கே தியாகராசர் சமாதிக்குத் தம் பொருளைச் செலவிட்டுக் கோயில் எழுப்பியவர் அவர். ஆராதனையைக் கையில் வைத்திருந்த பெரிய கட்சியும் சின்னக் கட்சியும் வேறு எதில் சண்டை போட்டாலும், பெண்கள் பாடக்கூடாது என்பதில் ஒன்றாக நின்றன. அவர் பெண்களைத் திரட்டிச் சமாதிக்குப் பின்புறம் தனி ஆராதனை நடத்தினார். 1940-ஐ ஒட்டி எல்லாம் ஒன்றாயின. இவ்வளவையும் எந்த விழா மலரிலும் படிக்கலாம். அவருடைய கச்சேரி வருமானம், சொத்து, வழக்குகள், எதிரிகள் ஆகியவை இந்தப் புத்தகத்தில்தான் தெரிகின்றன. சதிர் ஆடியவர்களுக்கு இதேபோலப் பி.எம். சுந்தரம் தமிழிலேயே 'மரபு தந்த மாணிக்கங்கள்' எழுதினார். தலைப்பில் மாணிக்கம் இருந்தாலும் உள்ளே இருப்பது விவரம்: யார் மகள், யாரிடம் பயின்றார், எங்கே ஆடினார்.

புகழ் எதுவுமே இல்லாத பெண்ணை எழுதுவது எப்படி? மைதிலி சிவராமன் இதற்கு ஒரு வழி காட்டினார். கீழ்வெண்மணிப் படுகொலையைப் பற்றி நேரில் சென்று எழுதியவர், மாதர் சங்கத் தலைவர். அவர் 2006-இல் எழுதிய 'ஃபிராக்மென்ட்ஸ் ஆஃப் எ லைஃப்' தம் பாட்டி சுப்புலட்சுமியின் வரலாறு. பதினொரு வயதில் திருமணம், பதினான்கில் தாய். கணவர் ஆங்கிலேய அரசின் உப்பு இலாகாவில் அதிகாரி. வெளியுலகில் பாட்டி சாதித்தது என்று சொல்ல எதுவும் இல்லை. அவர் விட்டுச்சென்றவை நாட்குறிப்புகள், கடிதங்கள், படித்த புத்தகங்களின் பட்டியல்கள், எடுத்தெழுதிய குறிப்புகள். பேத்தி அவற்றை வைத்துக்கொண்டு, பள்ளிப்படிப்பு நின்றுபோன ஒரு பெண் வீட்டுக்குள் இருந்தபடி எவ்வளவு தூரம் வாசித்துப் போயிருக்கிறாள் என்று காட்டுகிறார். இடைவெளிகளைக் கற்பனையால் நிரப்பவில்லை. இங்கே தாள் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போகிறார். ஒரே காலத்துச் சென்னையில் இன்னொரு சுப்புலட்சுமி உண்டு, விதவைப் பெண்களுக்கு விடுதி நடத்திய சிஸ்டர் சுப்புலட்சுமி. அவரைப் பற்றி மோனிகா ஃபெல்டன் 1966-இல் புத்தகம் எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் பொதுவாழ்வு வாய்த்தவளுக்கும் வாய்க்காதவளுக்கும் நடுவே அறிவில் தூரம் அதிகமில்லை என்பது புரியும்.

தாளே இல்லாதவர்களுக்கு வாய்மொழிப் பாணி. ராஜம் கிருஷ்ணன், தஞ்சை மண்ணில் பண்ணையாட்களைத் திரட்டிய மணலூர் மணியம்மாளைத் தேடிப் போனார். பிராமண விதவை, முடியைக் கத்தரித்து, வேட்டியும் சட்டையும் அணிந்து, காங்கிரசிலிருந்து கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்தவர். கடைசியில் மான் முட்டி இறந்தார். ஆவணம் குறைவு, கண்டவர்கள் சொன்னவற்றைக் கேட்டுக்கேட்டு 'பாதையில் பதிந்த அடிகள்' ஆனது. அது நாவலாக நிற்பதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு. எது கேட்டது, எது புனைந்தது என்று பிரிக்க முடியவில்லை. ஆனாலும் அவர் அன்று போய்க் கேட்காதிருந்தால் இன்று கேட்க ஆள் இருந்திருக்காது.

வீரம்மாவின் கதை இன்னும் விசித்திரம். புதுச்சேரிப் பக்கத்துச் சேரியில் வாழ்ந்த பண்ணைக் கூலி, பாட்டுக்காரி. ஜோசியான் ரசீன் பத்தாண்டுக்கு மேலாக அவர் பேச்சைத் தமிழில் பதிவு செய்தார். புத்தகம் முதலில் பிரெஞ்சில், 1995-இல், பிறகு ஆங்கிலத்தில். சேரித் தமிழில் சிரித்துச்சிரித்துச் சொன்ன ஒரு வாழ்க்கை, பாரிஸ் சுற்றித்தான் உலகத்தைப் பார்த்தது. ஆசிரியர் பெயர்களில் வீரம்மாவின் பெயர் முதலில் நிற்கிறது. தகவல் தந்தவராக அடிக்குறிப்பில் அவரை ஒடுக்கவில்லை. எழுத்தாளர் அம்பை மும்பையில் 1988-இல் தொடங்கிய ஸ்பாரோ என்ற பெண்கள் ஆவணக்காப்பகமும் இந்த ஒழுங்கைப் பேணுவது. பேசியவளின் குரலும் படமும் அவள் பெயரோடு இருக்கும்.

தரம் பார்க்க என்னிடம் இருக்கும் சோதனை ஒன்றுதான். ஒரு பெண்ணைப் பற்றிய புத்தகம், அவளோடு முரண்பட்ட இன்னொரு பெண்ணை எப்படி நடத்துகிறது? நம் மலர்களில் முத்துலட்சுமி ரெட்டி, மூவலூர் இராமாமிர்தம், நாகரத்தினம்மாள் மூவரின் படமும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வரும். மூவருக்கும் தேவதாசிச் சமூகத்தோடு பிறப்புவழித் தொடர்பு உண்டு. முத்துலட்சுமி சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டை ஒழிக்கப் போராடினார். 1929-இல் மானிய நிலங்களைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவிக்க வழிசெய்தார். இராமாமிர்தம் அதே ஒழிப்பைத் தெருவிலும் நாவலிலும் பேசினார். நாகரத்தினம்மாள் தேவதாசிகள் சங்கத்தின் சார்பில் எதிர்ப்பக்கம் நின்றார்: குற்றம் செய்தவரைத் தண்டியுங்கள், எங்கள் கலையையும் சொத்துரிமையையும் ஏன் பறிக்கிறீர்கள் என்பது அந்தப் பக்கத்தின் வாதம். 1947-இல் சட்டம் வந்தது. முத்துலட்சுமியைப் புகழும் நூல்கள் நாகரத்தினம்மாள் தரப்பை ஒரு வரியில் பிற்போக்கு என்று தள்ளுகின்றன. சதிரைக் கொண்டாடும் நூல்களில் முத்துலட்சுமி கலையை அழித்தவராகக் குறுகுகிறார். இராமாமிர்தத்தை இரு பக்கமும் பேசுவதில்லை. 1910-இன் பதிப்பையும் 1929-இன் திருத்தத்தையும் 1936-இன் நாவலையும் ஒரே மேசையில் விரித்துவைத்து, மூவரையும் அவரவர் வாதத்தோடு பேசவிடும் புத்தகம் ஒன்றைத் தமிழில் யாராவது எழுதினால், முன்பதிவு செய்கிறவர்களில் என் பெயரும் இருக்கும்.