பிரதிக்குள் ஒரு துப்பாக்கி

1

‘பிரதி’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வேலை. நகல் என்பது அதன் பழைய பொருள். அமைப்பியலும் அதற்குப் பின் வந்தவையும் 80களிலும் 90களிலும் தமிழுக்குள் நுழைந்தபோது, படைப்பு, ஆக்கம், நூல் என்ற சொற்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு ‘டெக்ஸ்ட்’ என்பதற்கும் இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். எம்.ஏ. வகுப்பில் நாங்களும் அப்படியே கற்றோம். ஆனால் எந்தச் சொல்லும் தன் பழைய பொருளை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வருவதில்லை. எழுதப்பட்டது எதுவாயினும் அது ஏற்கெனவே இன்னொன்றின் நகல் என்கிற குறிப்பும் கூடவே வந்துவிட்டது. மூலம் என்று ஒன்று கிடையாது, பிரதிகள் மட்டுமே உண்டு என்று முழங்குவதற்கு அது ரொம்பச் சௌகரியமாகவும் இருந்தது.

இந்தச் சௌகரியத்தைக் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு இலக்கியத்துக்கு வெளியே இருந்து ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஜப்பானிலும் விஞ்ஞானப் புனைவுப் படங்களில் வரும் துப்பாக்கிகளின் நகல்களைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கி வைப்பதோடு விடுவதில்லை. பாகங்களை மாற்றுகிறார்கள், விளக்கு பொருத்துகிறார்கள், வண்ணம் பூசுகிறார்கள், பூசியதைச் சுரண்டுகிறார்கள். எதுவும் சுடாது. வளர்ந்த ஆளுக்கு எதுக்கு இந்த விளையாட்டுச் சாமான் என்று சிரித்துவிட்டுப் போகலாம். நானும் முதலில் சிரித்தவன்தான்.

2

ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேட் ரன்னர்’ 1982இல் வெளிவந்தது. மனிதரைப் போலவே செய்யப்பட்ட ‘ரெப்ளிகண்ட்’களைத் தேடிக் கொல்வது அதன் நாயகன் டெக்கர்டின் தொழில். படம் நகரநகர டெக்கர்டே மனிதன்தானா, அவனும் ஒரு நகலா என்ற சந்தேகம் பார்வையாளரைப் பிடித்துக்கொள்கிறது. அவன் கையிலிருக்கும் துப்பாக்கியும் அப்படித்தான். ஆஸ்திரியாவின் ஸ்டையர் மான்லிச்சர் ரைஃபிளின் பாகங்களையும் அமெரிக்காவின் சார்ட்டர் ஆர்ம்ஸ் புல்டாக் ரிவால்வரையும் ஒன்றாக இணைத்துச் செய்த ஒட்டுவேலை அது. இரண்டு வேறு நாடுகள், இரண்டு வேறு காரியங்கள், ஒரே கைப்பிடி. எதிர்காலம் என்று திரையில் காட்டப்பட்டது நிகழ்காலத்தின் உதிரிகளால் ஆனது.

படப்பிடிப்பு முடிந்தபின் அந்தத் துப்பாக்கி பொதுப்பார்வையிலிருந்து மறைந்துபோனது. ஆசை மறையவில்லை. வீடியோ நாடாவை ஓடவிட்டு நிறுத்தி, நிறுத்தி ஓடவிட்டு, கிடைத்த புகைப்படங்களோடு ஒப்பிட்டு அதன் நகல்களைச் செய்யத் தொடங்கினார்கள். இந்தத் திருகாணி தட்டையா, குழிந்ததா? பக்கவாட்டில் எரியும் விளக்கு எத்தனை? நிழலில் தெரிவது துளையா, கறையா? ஒவ்வொன்றுக்கும் கட்சி கட்டிக்கொண்டு வாதாடினார்கள். 

தமிழ் படித்தவனுக்கு இந்தக் காட்சி அந்நியமானதல்ல. மூலபாடம், பாடபேதம், சிதைந்த ஏடு, இடைச்செருகல். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்த உ.வே.சாமிநாதையர் பல சுவடிகளை எதிரெதிரே வைத்துச் செய்த அதே வேலைதான். என்ன, இங்கே ஏட்டுக்குப் பதிலாகத் திரைச்சட்டகம். சுவடிப் பதிப்பாசிரியனுக்கு ஆசிரியர் கைப்பட எழுதிய ஏடு கிடைக்கப்போவதில்லை. இவர்களுக்கோ 2006இல் மூலமே நேரில் வந்துவிட்டது. அவ்வாண்டு அனஹைமில் நடந்த உலக விஞ்ஞானப் புனைகதை மாநாட்டில் அந்தத் துப்பாக்கி காட்சிக்கு வைக்கப்பட்டது. 24 ஆண்டுகளாகச் செய்த நகல்களை அதன் எதிரே வைத்துத் திருத்தினார்கள். புதிய அளவுகளில் புதிய நகல்கள் வந்தன. 2009இல் அது ஏலத்தில் 2,70,000 டாலருக்குப் போனது.

மூலமற்ற நகல்களின் காலம் இது என்று போத்ரியார் எழுதியதை நாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். அந்த 24 ஆண்டுகளும் அதற்கு நல்ல உதாரணம்தான். ஆனால் மூலம் கண்ணெதிரே வந்ததும் நடந்ததைப் பாருங்கள். நகல்கள் தம்மளவில் போதும் என்று யாரும் சொல்லவில்லை. உடனே அளவுகோலை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். எந்திரவழி மறுஉற்பத்தியில் கலைப்பொருளின் ஒளிவட்டம் உதிர்ந்துவிடுகிறது என்றார் வால்டர் பெஞ்சமின். இங்கே ஒளிவட்டம் உதிரவில்லை. மறுஉற்பத்தியே அதை ஊதிப் பெருக்கியிருக்கிறது. நகல்கள் இத்தனை பரவியதால்தான் மூலத்துக்கு அந்த விலை.

3

செய்முறையைக் கொஞ்சம் பார்க்கலாம். ஒரு முதல் மாதிரியைச் சிலிகோன் ரப்பருக்குள் பதித்து அச்சு எடுக்கிறார்கள். அதில் ரெசின் என்ற செயற்கைப் பிசினை ஊற்றினால் இறுகி வார்ப்பாகிறது. இறுகும்போது ரெசின் சற்றே சுருங்கும். அந்த வார்ப்பிலிருந்து இன்னோர் அச்சு, அதிலிருந்து இன்னொரு வார்ப்பு என்று போனால் தலைமுறைக்குத் தலைமுறை அளவு குறையும். விளிம்பு மழுங்கும். ஒரு வார்ப்பில் விழுந்த காற்றுக்குமிழியின் தடம் அடுத்ததிலும் அப்படியே இருக்கும். ஏடு பெயர்த்து எழுதியவரின் பிழை அடுத்த ஏட்டுக்கும் போவதைப் போல. குமிழியை வைத்தே எது எதன் பிள்ளை என்று வம்சாவளி சொல்லிவிடுகிறார்கள்.

இந்தச் சேகரிப்பாளர்களிடையே பெரிய குற்றமாகக் கருதப்படுவது இதுதான்: ஒருவர் உழைத்துச் செய்த நகலை இன்னொருவர் வாங்கி, அதிலிருந்து அச்சு எடுத்து மலிவாக விற்பது. ‘ரீகாஸ்ட்’ என்கிறார்கள். மூல வடிவம் ஏதோ ஒரு சினிமாக் கம்பெனிக்குச் சொந்தம். அதைக் கேட்காமல் எடுத்தது தவறாகப் படுவதில்லை. நகலை நகலெடுத்தது மட்டும் திருட்டு. இதை நையாண்டி செய்வது சுலபம். ஆனால் அவர்கள் பாதுகாப்பது உழைப்பை. மூலத்தைத் தொட்டுப் பார்க்காமல், படத்தை நிறுத்தி நிறுத்தி அளவெடுத்த அந்த இரவுகள் யாருடையவை என்பதே கேள்வி. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று நாம் எழுதிக்கொண்டிருந்தபோது, ஒரு நகலின் ஆசிரியன் தன் பெயருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். நகல் எடுக்கும் உழைப்பைப் பற்றி நம் கோட்பாட்டில் ஒரு சொல்கூட இல்லாதது உறைக்கிறது.

வார்ப்பு முடிந்ததும் அதைப் பழசாக்கும் வேலை. தூரிகையில் தோய்த்த வெள்ளி நிற வண்ணத்தைத் துணியில் துடைத்துவிட்டு, ஒட்டியிருக்கும் மிச்சத்தை விளிம்புகளில் மட்டும் இழுக்கிறார்கள். கறுப்பு தேய்ந்து உலோகம் தெரிவது போல இருக்கும். உறைக்குள் போய்வந்து உரசும் இடம் எது, கட்டைவிரல் படும் இடம் எது என்று யோசித்துத் தேய்க்கிறார்கள். எந்தப் போருக்கும் போகாத ஒரு பொருளுக்குப் போர் அனுபவம் எழுதப்படுகிறது. உள்ளே பிசின். வெளியே சுயசரிதை.

4

இதுவரை வந்ததைப் படித்தால், பார்த்தீரா, எல்லாம் பிரதிதான், எல்லாம் குறிகளின் விளையாட்டுதான் என்று முடித்துவிடத் தோன்றும். 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ அப்படி முடிக்க விடவில்லை.

ஹான் சோலோ இடுப்பில் வைத்திருக்கும் கதிர்த் துப்பாக்கி மவுசர் சி-96 என்ற ஜெர்மன் கைத்துப்பாக்கி. மேலே ஒரு தொலைநோக்கியும், முன்னே இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் விமான இயந்திரத் துப்பாக்கியின் குழல்முனையும் சேர்த்தார்கள். பேரரசின் வெள்ளைக் கவசப் படையினர் ஏந்துவது பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்டெர்லிங் துப்பாக்கி. மேசை இழுப்பறை ஓடும் பிளாஸ்டிக் பட்டையை அதன் குழலில் ஒட்டியிருக்கிறார்கள். பணம் குறைவு. பழகித் தேய்ந்த தோற்றமும் தேவைப்பட்டது. அரங்கப் பொருட்களைக் கவனித்த ரோஜர் கிறிஸ்டியன், லண்டனில் படங்களுக்குத் துப்பாக்கி வாடகைக்குவிடும் பாப்டி கம்பெனியின் இருப்பிலிருந்து எடுத்தவை இவை.

ஆக, நகலின் அடியில் இருப்பது வெறுமை அல்ல, ஒரு நிஜத் துப்பாக்கி. 1898இல் சூடானின் ஓம்டுர்மானில் காலனியப் போர் நடந்தபோது இளைஞர் வின்ஸ்டன் சர்ச்சில் கையில் இருந்தது மவுசர். 1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவில் ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து வங்கப் புரட்சியாளர்கள் கடத்தியது 50 மவுசர்களையும் 46,000 தோட்டாக்களையும். மறுவருஷம் பாலசோரில் ஜதீந்திரநாத் முகர்ஜியும் தோழர்களும் போலீஸை எதிர்த்துக் கடைசியாகச் சுட்டது மவுசரால். பேரரசின் பக்கமும் அதே துப்பாக்கி, எதிர்த்தவர்கள் பக்கமும் அதே துப்பாக்கி. ஸ்டெர்லிங் 1953இல் பிரிட்டிஷ் ராணுவத்தில் ஏற்கப்பட்டது. பிறகு கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையிலும் செய்தார்கள். ‘கார்பைன்’ என்று நம்மூர் போலீஸ்காரர் தோளில் பார்த்தது அதைத்தான். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தியைச் சத்வந்த் சிங் சுட்டதும் ஸ்டெர்லிங் ரகத் துப்பாக்கியால்தான்.

சேகரிப்பாளர்களுக்கு இந்த வரலாறு தெரியாது என்று சொல்லமாட்டேன். மவுசரின் எந்த ஆண்டு வடிவத்துக்கு எந்தக் கைப்பிடி என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் அந்த அறிவு சரியான பாகத்தைத் தேர்வதோடு நின்றுவிடுகிறது. தேய்மானத்தை இவ்வளவு கவனமாகச் செதுக்குகிற கைக்கு, நிஜத்தில் தேய்ந்தது எந்தக் கையில் என்பது தேவைப்படுவதில்லை. 2022 ஆகஸ்டில் ஹான் சோலோவின் துப்பாக்கி ஒன்று 10,57,500 டாலருக்கு ஏலம் போனது. அந்த விலை முழுக்கப் புனைவுக்குக் கொடுத்த விலை.

5

இனி வாசிப்புக்கு வருவோம். அமெரிக்காவில் 1988இல் இயற்றிய சட்டப்படி விளையாட்டுத் துப்பாக்கிகளின் முனை ஆரஞ்சு நிறத்தில் இருக்கவேண்டும். ஜப்பான் 1971இலேயே உலோகக் கைத்துப்பாக்கி மாதிரிகளுக்கு வெள்ளை அல்லது மஞ்சள் வண்ணத்தைக் கட்டாயமாக்கியது. பிரிட்டன் 2006இல் நிஜம் போலவே தோன்றும் போலித் துப்பாக்கிகளை விற்பதைத் தடை செய்து, சினிமா, நாடகம், அருங்காட்சியகம் போன்றவற்றுக்கு விலக்கு அளித்தது. இவை சட்டங்கள் மட்டுமல்ல. நகல் எது, நிஜம் எது என்று அரசு எழுதிய அழகியல் கோட்பாடுகளும்கூட. ஆரஞ்சு முனை ஒரு மேற்கோள் குறி. ‘இது நான் சொல்வதல்ல, எடுத்துக்காட்டுவது’ என்கிறது அது. துப்பாக்கியைத் திருத்தி அமைப்பவரின் கண்ணை முதலில் உறுத்துவது இந்த மேற்கோள் குறிதான்.

2020 மே 4, ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் கொண்டாடும் நாள். கனடாவின் லெத்பிரிட்ஜ் நகரில் ஓர் உணவகத்தின் முன் வெள்ளைக் கவச உடையில், பிளாஸ்டிக் கதிர்த் துப்பாக்கியோடு வாடிக்கையாளர்களை அழைத்துக்கொண்டிருந்தார் 19 வயது ஊழியர் ஒருவர். துப்பாக்கியோடு யாரோ நிற்பதாகத் தகவல் போனது. போலீஸார் நிஜத் துப்பாக்கிகளை நீட்டி அவரைக் குப்புறக் கிடத்தினார்கள். மூக்கில் ரத்தம். உலகம் முழுக்க அடையாளம் தெரிந்த வேஷம் அது. அதுவும் அவருக்கு உதவவில்லை.

அதற்கும் முந்தியது 2014 நவம்பர் 22. கிளீவ்லாந்து நகரப் பூங்காவில் டாமிர் ரைஸ் என்ற கறுப்பினச் சிறுவன், வயது 12, கையில் பிளாஸ்டிக் குண்டு போடும் நகல் துப்பாக்கி. விஞ்ஞானப் புனைவு எதுவும் இல்லை, சாதாரணக் கைத்துப்பாக்கியின் நகல். ஆரஞ்சு முனை அதில் இல்லை. தகவல் சொன்னவர், அது அநேகமாகப் போலியாக இருக்கும் என்றும் சொல்லியிருந்தார். அந்தச் சொல் போலீஸாருக்குப் போய்ச் சேரவில்லை. கார் வந்து நின்ற இரண்டு வினாடிக்குள் சுட்டார்கள். மறுநாள் சிறுவன் இறந்தான். 2015 டிசம்பரில், யார் மீதும் குற்றம் சாட்டுவதில்லை என்று முடிவானது.

6

இரண்டு வினாடி. ஒரு வாசிப்புக்கு அவ்வளவுதான் நேரம் கொடுக்கப்பட்டது.

ரோலான் பார்த் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தபோது வாசகனின் பிறப்பையும் சேர்த்தே அறிவித்தார். ஆனால் அந்த வாசகன் வரலாறும் சொந்த வாழ்வும் இல்லாத, எழுத்தின் இழைகள் வந்து கூடும் வெறும் இடம். அப்படிப்பட்ட வாசகனை நான் எங்கும் பார்த்ததில்லை. பூங்காவுக்கு வந்த வாசகனுக்குச் சீருடை இருந்தது, பயிற்சி இருந்தது, கறுப்பின உடலைப் பற்றி ஒரு நாட்டின் நெடுங்கால அச்சம் பின்னால் இருந்தது, கையில் நகலல்லாத துப்பாக்கியும் இருந்தது. பிரதியின் பொருளை வாசகன் தீர்மானிக்கிறான் என்பது உண்மைதான். தீர்மானித்துவிட்டான்.

மூலத்தைத் தேடி அளவெடுக்கும் சேகரிப்பாளரும், மூலமே இல்லை என்று கொண்டாடும் நாமும் எதிரெதிர்க் கட்சிகளாகத் தெரிகிறோம். இருவர் கண்ணும் பொருள்மீதே இருக்கிறது. இது எதன் நகல் என்பதே இருவரின் கேள்வியும். அது யார் கையில் இருக்கிறது, எதிரே நின்று வாசிப்பது யார், தவறாக வாசித்தால் நஷ்டம் யாருக்கு என்று இருவரும் கேட்பதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் துப்பாக்கியை விளையாட்டாக வாசிக்க எல்லோருக்கும் நேரமிருக்கிறது. தெருவில் அதே பொருள் எல்லோர் கையிலும் விளையாட்டாக இருக்க அனுமதி இல்லை.

சேகரிப்பாளர்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு திருகாணிக்காக 24 ஆண்டு காத்திருந்தவர்களின் பொறுமை நம் விமர்சனத்துக்கு வந்தால் நல்லதுதான். எல்லாம் பிரதி என்று இனி எழுதும்போது, அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் அந்தப் பூங்காவையும் வைத்துப் பார்க்கவேண்டும். அதற்கப்புறமும் அந்த வாக்கியம் நிற்கிறதா என்று பார்ப்போம்.