இசைத்தட்டின் மறுபக்கம்

ஒரு பாடலின் பொருள் யாது என்று கேட்கும் விமர்சகர், அப்பாடல் பதிவாகியுள்ள பொருள் யாது என்று கேட்பது அரிது. கைல் டிவைன் 2019இல் வெளியிட்ட ‘டீகொம்போஸ்ட்’ என்னும் ஆங்கில நூல் இவ்விரண்டாவது கேள்வியையே எழுப்புகின்றது. இசைத்தட்டின் அரசியலை அதிலுள்ள பாட்டில் அன்றி அதன் மூலப்பொருளில் தேடும் இந்நூல், பொருள்முதல்வாதிகள் என்று தம்மைக் கூறிக்கொள்ளும் எம்மையும் சற்று நாண வைக்கின்றது.

சென்ற நூற்றாண்டின் முற்பாதியிற் சுழன்ற தட்டுக்கள் அரக்கைக் கொண்டு செய்யப்பட்டவை. சிறு பூச்சியொன்று மரக்கிளைகளிற் சுரக்கும் அப்பிசினைச் சோட்டா நாகபுரிக் காடுகளிலே பழங்குடி மக்கள் சேகரித்தனர். கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள டம்டம் ஆலையிலும் மேனாட்டு ஆலைகளிலும் அது தட்டாயிற்று. பாடியவரின் பெயர் தட்டில் அச்சிடப்பட்டது. கிளை வெட்டியவரின் பெயர் எங்குமே இல்லை.

1948இல் கொலம்பியா நிறுவனம் நீண்டநேர இசைத்தட்டை அறிமுகஞ் செய்தபோது அரக்கின் இடத்தைப் பி.வி.சி. பிடித்துக்கொண்டது. அதன் மூலமான வைனைல் குளோரைட் புற்றுநோய் விளைவிக்கும் வாயு. அமெரிக்காவிலே லூயிவில் நகரத்துப் பி.வி.சி. ஆலைத் தொழிலாளர் சிலர் அரியதோர் ஈரற் புற்றுநோயால் மாண்ட செய்தி 1974இல் வெளிவந்தது. 2023 பெப்ரவரியில் ஒகையோ மாநிலத்தின் ஈஸ்ற் பலஸ்தீன் என்ற சிற்றூரில் சரக்குப் புகைவண்டி தடம்புரண்டபின் எரிக்கப்பட்டதும் இதே வாயுவே. அமெரிக்கத் தட்டாலைகளுக்குச் செல்லும் பி.வி.சி.யிற் பெரும்பங்கு தாய்லாந்திலிருந்து குருணிகளாகக் கடல் கடக்கின்றது என்று டிவைன் காட்டுகின்றார். 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபின் எமது மேற்குக் கரையில் ஒதுங்கிய குருணிகள் வேறு வகைப் பிளாஸ்ரிக்கைச் சேர்ந்தவை. ஆயினும் அவற்றைக் கையால் அள்ளிய மக்களுக்குக் குருணி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

இந்நிலையில் மாற்றுப் பொருள்கள் சில சந்தைக்கு வந்துள்ளமை வரவேற்கத்தக்கதே. ஆனால் எல்லா மாற்றும் ஒரே தரத்தன அல்ல. ‘பயோவைனைல்’ எனப்படுவதில், பெற்றோலியத்தின் இடத்தில் பாவித்துக் கழித்த சமையல் எண்ணெய் போன்றவை கணக்கில் வைக்கப்படுகின்றன. எனினும் ஈற்றில் வெளிவருவது அதே பி.வி.சி.தான், இடையில் நிற்பதும் அதே நச்சு வாயுதான். பெயரிலுள்ள பசுமை ஆலைத் தொழிலாளியின் ஈரலைக் காப்பதில்லை. இங்கிலாந்தின் எவலூஷன் மியூசிக் 2022இல் தாவர மூலப் பிளாஸ்ரிக்கில் 500 தட்டுக்களை வெளியிட்டது. 2024இல் கோல்ட்பிளே குழுவினர் தமது ‘மூன் மியூசிக்’ தொகுதியைப் பழைய தண்ணீர்ப் போத்தல்கள் போன்றவற்றின் பி.ஈ.ரி. பிளாஸ்ரிக்கை உருக்கி வார்த்தனர். 140 கிராம் தட்டொன்றுக்கு ஒன்பது போத்தல்கள். இதிலே குளோரின் இல்லை. இது மெய்யான முன்னேற்றம் என்பதை நாம் தயக்கமின்றி ஒப்புக்கொள்கின்றோம்.

ஆனால் கோல்ட்பிளே குழுவினர் சுயாதீனக் கலைஞர் அல்லர். இருநூறு பிரதி போதுமென்று வாசலில் நிற்கும் பாடகனின் நிலை வேறு. 2021இல் அடெலின் ‘30’ ஏறக்குறைய ஐந்து இலட்சம் தட்டுக்களாக அச்சாயிற்று என்று செய்தி வெளியானது. அவ்வேளை சிறு வெளியீட்டாளர் தமது முறைக்காக மாதக்கணக்கிற் காத்திருந்தனர். தட்டு எதனால் ஆயது என்பது மாறினாலும், ஆலை யாருக்காக ஓடுகின்றது என்பது மாறவில்லை.

அப்படியாயின் தட்டே வேண்டாம், எல்லாவற்றையும் இணையத்தில் ஒலிக்க விடுவோம் என்பார் உளர். டிவைனின் கணக்கு இங்கேதான் திடுக்கிட வைக்கின்றது. அமெரிக்க இசைத்தொழில் 1977இல் 5.8 கோடி கிலோ பிளாஸ்ரிக்கைப் பயன்படுத்தியது. 2016இல் அது 80 இலட்சமாகக் குறைந்தது. ஆனால் அதே காலத்தில் சூழலை வெப்பமாக்கும் வாயு வெளியீடு 14 கோடி கிலோவிலிருந்து 20 முதல் 35 கோடி கிலோ வரை உயர்ந்ததென்று அவர் மதிப்பிடுகின்றார். இது தொழில் முழுமைக்குமான தொகையே அன்றி, ஒரு பாட்டைக் கேட்பதற்கான தொகை அன்று. இதை மறந்து மேற்கோள் காட்டுவோர் பலர். இருநூறு பிரதிக்காரன் இத்தொகையிலே தனியே தெரிவதுமில்லை.

அவனது வருவாயோ வேறு கதை. ஆண்டொன்றில் ஆயிரம் தடவைக்குக் குறைவாக ஒலித்த பாடலுக்கு 2024 முதல் ஸ்பொட்டிபை ஒரு சதமும் கொடுப்பதில்லை. பாடலைக் கோப்பாக விற்றுக் கலைஞனுக்குப் பெரும்பங்கைக் கொடுத்துவந்த பாண்ட்காம்ப் 2022இலும் 2023இலும் கைமாறியது; ஊழியர் தொழிற்சங்கம் அமைத்த சில மாதங்களிலேயே ஏறக்குறைய அரைவாசிப் பேர் வேலை இழந்தனர். கலைஞரே உரிமையாளராகும் கூட்டுறவாக 2024இல் சப்வேர்ட் தோன்றியமை இதன் எதிர்வினையே.

ஒருமுறை இறக்கி நெடுநாள் கேட்கும் கோப்பு, அத்துடன் பாடல் வரிகளை அச்சிட்ட சிறு நூல், உள்ளே கோப்பைப் பெறும் குறியீட்டெண்: சில சிறு வெளியீட்டாளர் ஏற்கெனவே கைக்கொண்டுள்ள இவ்வழியையே நாம் முதலிற் பரிந்துரைப்போம். சிறுபிரசுரம் அச்சிடும் எந்த அச்சகத்திலும் அந்நூலை நூறு பிரதி அச்சிடலாம். தட்டு வேண்டுமென்போர் குளோரினற்ற தட்டைக் கேட்கட்டும். ஆனால் நாலைந்து பேர் கூடி ஒரே தட்டிற் பாடட்டும்.