காலி நாற்காலிகள்

தண்டலம் பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடையில் ஒருவரைச் சந்தித்தேன். காலை ஷிப்ட் நேரம். எதிரே பெங்களூர் நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் முட்டி மோதிக்கொண்டு போகின்றன. ரோட்டில் எல்லோருக்கும் அவசரம். இவர் மட்டும் டீயை ஆறவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

‘‘இன்னிக்கு லீவா?’’ என்றேன்.

‘‘பதினோரு வருஷமா லீவுதான் சார்’’ என்றார்.

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பெயர் வேண்டாம், கேஸ் நடக்கிறது. வேலையிலிருந்து நீக்கினார்கள். தொழிலாளர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போனது. அங்கேயும் ஜெயித்தார். கம்பெனி டெல்லிக்குப் போனது. பழைய தொழில் தகராறு சட்டத்தில் 17பி என்று ஒரு பிரிவு உண்டு. மீண்டும் வேலை கொடு என்ற தீர்ப்பை எதிர்த்து முதலாளி மேலே போனால், கேஸ் முடியும்வரை தொழிலாளி கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும். நல்ல பிரிவுதான். ஆனால், கடைசியாக வாங்கிய சம்பளம் என்றால் பதினோரு வருடத்துக்கு முந்தைய சம்பளம். அதை வாங்க, வேறெங்கும் வேலையில் இல்லை என்று பிரமாணப் பத்திரம் வேறு தரவேண்டும். நாற்பது வயது மனிதர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பது சோம்பலால் அல்ல, சத்தியத்தால்.

அவர் கையிலிருந்த பேப்பரைக் காட்டிக் கேட்டார்: ‘‘அமெரிக்காவுல மொத்தமே ஒன்பது ஜட்ஜுதானாமே? அந்த நம்பர் மாறவே கூடாதுன்னு சட்டத்துலயே எழுதி வைக்கணும்ங்கிறாங்க. நம்ம கோர்ட்ல எத்தனை பேரு சார்?’’

2019 சட்டப்படி தலைமை நீதிபதியோடு சேர்த்து 34 என்றேன்.

‘‘முப்பத்து நாலு பேர் இருந்துமா என் கேஸ் வரல?’’

சட்டென்று பதில் வரவில்லை. அதனால்தான் இந்த வாரம் இதை உங்களோடு பேசுகிறேன்.

முதலில் அமெரிக்கா. அங்கே உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது பேர் என்பது அரசியல் சட்டத்தில் இல்லை. சாதாரணச் சட்டம்தான், 1869-லிருந்து. அதற்கு முன் ஆறு, ஏழு, பத்து என்று ஏறி இறங்கியிருக்கிறது. 1866-ல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனைப் பிடிக்காத நாடாளுமன்றம், அவருக்கு நியமிக்க இடமே கிடைக்காதபடி பத்தை ஏழாகக் குறைத்தது. 1937-ல் ரூஸ்வெல்ட் எதிர்த்திசையில் போனார். எழுபது வயது தாண்டியும் ஓய்வு பெறாத ஒவ்வொரு நீதிபதிக்கும் ஒரு புதியவர், அதிகபட்சம் ஆறு பேர் என்று கணக்குப் போட்டார். அவர் கட்சியே பெரும்பான்மையாக இருந்த செனட் அதைக் கிடப்பில் போட்டுக் கொன்றது. இனி எந்த ஜனாதிபதிக்கும் அந்த ஆசை வரக்கூடாது, ஒன்பது என்று அரசியல் சட்டத்திலேயே பூட்டிவிடலாம் என்று கொஞ்ச வருடங்களாக ஒரு கோஷ்டி திருத்தம் கேட்கிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நமக்கும் அப்படி ஒரு பூட்டு வேண்டாமா என்று உங்களுக்குத் தோன்றும். ஏனென்றால் நம் நிலைமை இன்னும் தளர்வு. அரசியல் சட்டத்தின் 124-வது பிரிவு, தலைமை நீதிபதியோடு ஏழு பேர் என்று சொல்லிவிட்டு, நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதிகப்படுத்தும்வரை என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டாம், சாதாரணப் பெரும்பான்மை போதும். அந்தக் கதவு வழியாக 1956-ல் பத்து, 1960-ல் 13, 1977-ல் 17, 1986-ல் 25, 2009-ல் 30, 2019-ல் 33 (தலைமை நீதிபதி இதில் சேர்த்தி இல்லை). எல்லாமே வழக்குகள் குவிகின்றன என்ற காரணத்தைச் சொல்லி ஏற்றியவை. குவிந்ததும் உண்மைதான். 2024-ல் நிலுவை 80 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

பூட்டு என்ன செய்யும் என்பதைப் பக்கத்து வீட்டில் பார்க்கலாம். இலங்கையில் நீதிபதிகள் எண்ணிக்கை அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. தலைமை நீதியரசரோடு குறைந்தது ஆறு, அதிகபட்சம் பத்து பேர் என்பது 1978-ல் எழுதிய கணக்கு. 2020 அக்டோபரில் கோத்தபய அரசு 20-வது திருத்தம் கொண்டுவந்தது. பத்து, பதினாறு ஆனது. நியமிக்கும் அதிகாரமும் அதே திருத்தத்தில் ஜனாதிபதியின் சட்டைப் பைக்குப் போனது. ஆதரவு 156, எதிர்ப்பு 65. பூட்டு இருந்தது, ஆனால் சாவியும் அவர்களிடமே இருந்தது! 2022-ல் 21-வது திருத்தம் வந்து ஜனாதிபதிக்குக் கடிவாளம் போட்டது. கூட்டிய நாற்காலிகள் அப்படியே நின்றன.

அவ்வளவு தூரம் ஏன்? நம் எமர்ஜென்சியை மறந்துவிட்டோமா? 1976-ல் 42-வது திருத்தத்தில் 144ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். மத்தியச் சட்டம் ஒன்று செல்லுமா செல்லாதா என்று பார்க்கக் குறைந்தது ஏழு நீதிபதிகள் உட்கார வேண்டும், அதில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சொன்னால்தான் செல்லாது. அதாவது ஏழில் நான்கு பேர் தப்பு என்று சொன்னாலும் சட்டம் பிழைத்துக்கொள்ளும். ஜனதா ஆட்சி 43-வது திருத்தத்தில் அதைத் தூக்கி எறிந்தது. அரசியல் சட்டத்தில் எண் எழுதினாலே அது நீதிமன்றத்துக்குப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இந்த ஒரு பிரிவைப் படித்தால் போதும்.

சரி, தண்டலத்துக்காரர் கேள்விக்கு வருகிறேன். அவருக்குப் பிரச்னை எண் கூடுவதல்ல. எழுதியிருக்கும் எண் நாற்காலியில் இல்லாதது.

2019 செப்டம்பரில் 34 பேரும் நிரம்பினார்கள். அதன்பிறகு? ஏறக்குறைய இரண்டு வருடம் ஒருவரைக்கூட நியமிக்கவில்லை. எஸ்.ஏ.பாப்டே 2019 நவம்பரில் தலைமை நீதிபதியாகி 2021 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். அவர் காலம் முழுக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு நியமனமும் இல்லை. கொலீஜியத்துக்குள்ளேயே ஒத்துவரவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. 2021 ஆகஸ்ட் 31 அன்று ஒரே நாளில் ஒன்பது பேர் பதவியேற்றார்கள். அதற்கு முந்தைய நாள் இருந்தவர்கள் 24 பேர். சட்டத்தில் 34, நாற்காலியில் 24. எந்த நாடாளுமன்றமும் குறைக்கவில்லை, எந்தத் திருத்தமும் வரவில்லை. சும்மா இருந்தார்கள், பத்து குறைந்துவிட்டது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்காலியா இறந்தார். ஒபாமா முன்மொழிந்தவரை செனட் விசாரிக்கவே மறுத்தது. 2017 ஏப்ரல்வரை அந்த நீதிமன்றம் எட்டுப் பேரோடு ஓடியது. ஒன்பது என்று கல்லில் செதுக்கியிருந்தாலும் அந்த ஒரு நாற்காலி காலியாகத்தான் இருந்திருக்கும். கூட்டுவதைத்தான் பூட்டு தடுக்கும். காலியாகவே விட்டு வைப்பதை அது என்ன செய்யும்?

ஆகவே, திருத்தம் வேண்டும் என்றால் எண்ணுக்கு வேண்டாம், தேதிக்குக் கொண்டு வாருங்கள் என்பேன். அங்கேயாவது நீதிபதிகளுக்கு ஆயுள் பதவி, எமன் எப்போது வருவான் என்று தெரியாது. இங்கே 65 வயதில் ஓய்வு. பிறந்த தேதி எல்லோருக்கும் தெரியும். எந்த நாற்காலி எந்த நாளில் காலியாகும் என்று பல வருடங்களுக்கு முன்பே காலண்டரில் வட்டம் போடலாம். காலியாவதற்கு இத்தனை நாள் முன்பே கொலீஜியம் பெயர் தரவேண்டும், இத்தனை நாளுக்குள் அரசு கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் நியமனம் ஆனதாகவே கொள்ளப்படும் என்று எழுதினால் என்ன?

கோர்ட்டே கெடு விதிக்கலாமே என்பீர்கள். விதித்தது. ஹைகோர்ட் நியமனங்களில், கொலீஜியம் மீண்டும் வலியுறுத்தும் பெயரை மூன்று, நான்கு வாரங்களில் நியமிக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடமே, ஏன் நியமிக்கவில்லை என்று அரசை அதே கோர்ட் கேட்க வேண்டியிருந்தது. கோர்ட் போட்ட கெடு கோர்ட்டுக்கே உதவவில்லை. 2014-ல் நீதிபதிகள் நியமன ஆணையம் கொண்டுவந்தார்கள், 2015-ல் கோர்ட் அதை ரத்து செய்தது. பெயரை யார் எழுதுவது என்ற அந்தச் சண்டை இன்னும் பல வருடம் நடக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. அதுவரை நாற்காலி காலியாகக் கிடக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? பெயர் தராத கொலீஜியமும் சரி, ஃபைலின் மேல் உட்காரும் அரசும் சரி, இன்றுவரை ஒரு வரி காரணம் எழுதி வைக்கக் கடமைப்பட்டவர்கள் இல்லை. தண்டலத்துக்காரர் மட்டும் தான் வேலைக்குப் போகவில்லை என்பதற்குப் பிரமாணப் பத்திரம் கொடுத்திருக்கிறார்.

(டெல்லியில்தான் உட்கார வேண்டும் என்றும் கட்டாயமில்லை, 130-வது பிரிவு வேறு ஊர்களையும் அனுமதிக்கிறது. 2009-ல் சட்டக் கமிஷன் தெற்குக்கு சென்னையில் அல்லது ஹைதராபாத்தில் ஒரு கிளை கேட்டது. அது தனிக் கட்டுரை.)

கிளம்பும்போது அவர் செல்போனைத் திறந்து உச்ச நீதிமன்ற வெப்சைட்டில் தன் கேஸைக் காட்டினார். அடுத்த விசாரணை என்ற இடத்தில் ஒரு தேதி இருந்தது. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள், கம்ப்யூட்டர் உருவாக்கிய உத்தேச தேதி என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

‘‘இது நாலாவது கம்ப்யூட்டர் தேதி சார்’’ என்றார்.