மூன்று கிலோ கல்யாணம்

ஒன்றுவிட்ட தம்பி வீட்டுக் கல்யாண ஆல்பம் போன வாரம் வந்து சேர்ந்தது. ‘எல்லாத்தையும் விமரிசனம் பண்றீங்களே அண்ணா, இதையும் பார்த்துச் சொல்லுங்க’ என்றான். மூன்று கிலோவாவது இருக்கும். மடியில் தாங்காமல் டைனிங் டேபிளில் கிடத்திப் புரட்டினேன். கேட்டது அவன், கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல.

முதல் கால்வாசி ஆல்பம் கல்யாணமே இல்லை. மாமல்லபுரம் கடற்கரையில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஓடுகிறார்கள், ஒரே குடைக்குள் நிற்கிறார்கள். மழை இல்லை. இதற்கு ‘ப்ரீ வெட்டிங்’ என்று பெயர், தனி சார்ஜ்.

பிறகு முகூர்த்தம். தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளை தாலியையும் பார்க்கவில்லை, பெண்ணையும் பார்க்கவில்லை. காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறார். ‘சார், இந்தப் பக்கம்... அப்படியே ஹோல்ட் பண்ணுங்க’ என்ற குரல் எனக்கும் கேட்டது. மூன்றாவது வரிசையில்தான் இருந்தேன். நான் பார்த்தது நான்கு முதுகுகள். ஸ்டில் இரண்டு, வீடியோ இரண்டு. கெட்டிமேளம் கேட்டதும் குத்துமதிப்பாக அட்சதையை எறிந்தேன். ஸ்டில்காரர் தலையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

போட்டோகிராபரைக் குறைசொல்லவே உட்காரவில்லை. ஒரு படம் பிரமாதம். ஹோமப் புகை, பக்கவாட்டு ஜன்னலிலிருந்து காலை வெளிச்சம், அதில் பெண்ணின் அப்பா அங்கவஸ்திர நுனியால் கண்ணைத் துடைக்கிறான். எடுத்ததே அவனுக்குத் தெரியாது. ஃப்ளாஷ் இல்லை, போஸ் இல்லை. இந்த ஒரு படத்துக்காக அந்த இளைஞரின் கையைக் குலுக்கலாம். ஆனால், ஆல்பத்தில் அது ஒரு மூலையில், தீப்பெட்டி அளவில் இருக்கிறது. பக்கத்தின் பெரும்பகுதியை ரோஜா இதழ்களுக்கு நடுவே பெண்ணின் முகம் ஐந்து தடவை அடைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த முகமும் அவளுடையது இல்லை. எங்கள் வீட்டுப் பெண் நல்ல மாநிறம். ஆல்பத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறாள். இதில் பாதி தப்பு காமிராவுடையது. அதன் மீட்டர் எதிரே இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொள்ளும். வெள்ளை வேட்டியும் வெள்ளை டெகரேஷனும் ஃப்ரேமை நிறைத்தால், வெளிச்சம் அதிகம் என்று முடிவுசெய்து எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். முகத்தில் மீட்டர் பிடித்தால் சரியாகிவிடும். அதற்குப் பொறுமை இல்லாமல், இருட்டிய முகத்தைக் கம்ப்யூட்டரில் வெளுக்கிறார்கள். மீதிப் பாதி தப்பு நம்முடையது. ‘கொஞ்சம் கலரா காட்டுங்க தம்பி’ என்று சொல்லிவைப்பது யார்?

அந்தக் காலத்துச் சதுரப் பட காமிராவில் ஒரு ரோலுக்குப் 12 படம்தான். அப்புறம் 36 வந்தது. எண்ணி எடுத்தார்கள். குடும்பத்துப் பெரியவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, மற்றவர்களைப் பின்னால் நிறுத்தி, தரையில் குழந்தைகள். எல்லோரும் விறைப்பாக, சிரிக்காமல் இருப்பார்கள். கலை என்று சொல்ல மாட்டேன். ஆனால், ஒரு தலை விட்டுப்போகாது. இப்போது ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் படம். சித்தியைக் காணோம்.

தம்பியின் அம்மா. கல்யாணப் பெண்ணுக்குத் தலை வாரி, சோறு ஊட்டி வளர்த்தவள். முழங்கால் வலி, மேடையின் ஐந்து படி ஏற முடியாது. இரண்டு நாளும் முதல் வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில்தான் இருந்தாள். காமிராக்களோ மேடையை விட்டு இறங்கவில்லை, பந்தியில் நாம் இலையில் குனியும் நேரம் தவிர. ஆல்பம் முழுக்கத் தேடினேன். ஒரு படத்தில், வீடியோ லைட்டுக்குப் பின்னால், காதும் தோடும் தெரிகின்றன. தோட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

எங்கள் வீட்டு ஹாலில் மாலையோடு தொங்கும் அப்பா படம், 1974-ல் யாருடைய கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோவிலிருந்து வெட்டியெடுத்தது. உற்றுப் பார்த்தால் தோளில் பக்கத்தில் நின்றவரின் இரண்டு விரல்கள் தெரியும். அப்பாவுக்கு வேறு நல்ல படம் இல்லை. உங்கள் வீட்டுச் சுவரையும் ஒருமுறை பாருங்கள், விரல் தென்படலாம்.

அதனால், கல்யாணம் வைத்திருப்பவர்கள் லென்ஸ், ட்ரோன் என்று பேரம் பேசும்போது இன்னொன்றையும் பேசிக்கொள்ளுங்கள். ஒரு காமிரா மேடைக்கு முதுகைக் காட்டி, வந்தவர்களைப் பார்க்கட்டும். சொந்தபந்தம் தெரிந்த மாமா ஒருவர் அதன் கூடவே அலைந்து ‘இவங்க பெரிய அத்தை, இவர் ஊர்லேர்ந்து வந்திருக்கார்’ என்று காட்டட்டும். படி ஏற முடியாதவர்களிடம் மணமக்கள் இறங்கிப் போகட்டும், பத்து நிமிஷம். கலர் கலராக மாறும் அந்த எல்.ஈ.டி. விளக்குகளைத் தாலி கட்டும்போதாவது அணைத்துவையுங்கள். நீலமும் ஊதாவும் விழுந்த முகத்தைப் பிறகு எந்த சாஃப்ட்வேராலும் மீட்க முடியாது.

தம்பிக்கு போன் செய்தேன். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, ‘சித்தி படம் எங்கேடா?’ என்று மட்டும் கேட்டேன்.

‘இருக்குமே... ஹார்ட் டிஸ்க்ல பார்க்கணும்ணா’ என்றான். இரண்டு நாள் பார்த்திருக்கிறான். காதுதான்.

வருகிற ஞாயிறு மகளும் மாப்பிள்ளையும் வருகிறார்களாம், முகூர்த்தப் புடவையை எடுத்துக்கொண்டு. சித்தியின் நாற்காலியைக் கூடத்து ஜன்னல் ஓரம் போட்டாகிவிட்டது. அந்த ஹோமப் புகை இளைஞரே வர ஒப்புக்கொண்டிருக்கிறார். குடை மட்டும் வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன்.