ஐந்து சதவீதத்துக்கு வெளியே

தெற்காசியாவின் பிராந்திய ஒத்துழைப்பு பற்றிய எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் சில பக்கங்களுக்குள் ஒரு எண் வந்து நிற்கும். இந்த நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வணிகம் அவற்றின் மொத்த வணிகத்தில் சுமார் 5 சதவீதம்தான். ஆசியான் நாடுகளில் அது ஏறக்குறைய 25 சதவீதம். உலகிலேயே மிகக் குறைவாக ஒருங்கிணைந்த பகுதி நம்முடையது என்ற வாக்கியம் அடுத்து வரும். உலக வங்கி 2018இல் வெளியிட்ட அறிக்கை, 23 பில்லியன் டாலராக இருக்கும் இந்த வணிகம் தடைகள் நீங்கினால் 67 பில்லியன் ஆகலாம் என்று கணக்குப் போட்டது. இந்த எழுத்துகளை மாணவிகளோடு உட்கார்ந்து பல வருடங்களாக வாசித்து வருகிறேன். எண் தவறு என்று சொல்ல வரவில்லை. அந்த எண்ணைச் சுற்றிச் சொல்லப்படும் கதையோடுதான் எனக்குச் சண்டை.

அந்தக் கதையில் அரசுகள் முறைத்துக்கொண்டு நிற்கின்றன, வணிகர்கள் காத்திருக்கிறார்கள், சுங்கச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டுகின்றன. கதவு திறந்தால் எல்லோரும் செழிப்பார்கள். அமைச்சர், ஏற்றுமதியாளர், சுங்க அதிகாரி, லாரி ஓட்டுநர் என்று கதைமாந்தர் எல்லோரும் ஆண்கள். பெண்கள் வருவதற்குத் தனி அத்தியாயம் ஒன்று கடைசியில் இருக்கும். பெரும்பாலும் அதன் பெயர் ‘சமூகப் பிரச்சினைகள்’.

இந்தப் பிரிவினை புத்தகங்கள் கண்டுபிடித்ததல்ல. சார்க் அமைப்பே அப்படித்தான் கட்டப்பட்டது. 1985 டிசம்பர் 8 அன்று டாக்காவில் கையெழுத்தான சாசனத்தில் மக்கள் நலன் இருக்கிறது, வாழ்க்கைத் தரம் இருக்கிறது, ஒவ்வொருவரும் கண்ணியத்தோடு வாழும் வாய்ப்புகூட இருக்கிறது. பெண் என்ற சொல் இல்லை. மறுவருடம் பெண்களுக்கென ஒரு தொழில்நுட்பக் குழு வந்தது. 1990ஐப் பெண் குழந்தை ஆண்டு என்றார்கள், 1991 முதல் 2000 வரை பெண் குழந்தைப் பத்தாண்டு என்றார்கள். அதே காலத்தில் வணிகத்துக்கு 1993இல் முன்னுரிமை வணிக ஒப்பந்தமும், 2004இல் தடையற்ற வணிகப் பகுதிக்கான ஒப்பந்தமும் கையெழுத்தாயின. பெண்களுக்கு ஆண்டுகள் கிடைத்தன, சரக்குக்கு ஒப்பந்தங்கள் கிடைத்தன. இரண்டு கோப்புகளும் ஒரே மேசையில் ஒன்றாகப் பிரிக்கப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

பெண்களின் பெயரைத் தாங்கி சட்ட வலிமையோடு வந்த உடன்படிக்கை 2002 ஜனவரியில் காத்மாண்டுவில் கையெழுத்தானது. அது பெண்களையும் குழந்தைகளையும் பாலியல் தொழிலுக்காகக் கடத்துவதைத் தடுப்பதற்கானது. அதன் வரையறையை மட்டும் நிதானமாக வாசிக்கச் சொல்வேன். பாலியல் தொழிலுக்காக நடக்கும் நகர்த்தல், விற்றல், வாங்கல் மட்டுமே அங்கே கடத்தல். செங்கல் சூளைக்கோ, வீட்டு வேலைக்கோ, கட்டாயத் திருமணத்துக்கோ கொண்டுபோகப்பட்ட பெண் அதற்குள் வரமாட்டாள். கட்டாய உழைப்பையும் உள்ளடக்கிய ஐ.நா. நெறிமுறை 2000லேயே நிறைவேறிவிட்டது. இரண்டு வருடம் கழித்து எழுதப்பட்ட நம் பிரதி அதைவிடக் குறுகியது. இன்னொன்றும் உண்டு. சம்மதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று அந்த வரையறை சொல்கிறது. குழந்தைக்கு அது சரி. நாற்பது வயதுப் பெண்ணையும் அதே வாக்கியத்துக்குள் வைத்ததுதான் எனக்கு உறுத்துகிறது. எல்லையைக் கடக்கும் பெண் யாராலோ கொண்டுபோகப்படுகிறவள், தானாகப் போகிறவள் அல்ல என்ற பழைய ஆண் கற்பனை சர்வதேசச் சட்டமொழியில் அமர்ந்துவிட்டது.

இதன் விளைவைக் காண நேபாளத்தைப் பார்க்கலாம். குவைத்தில் ஒரு நேபாளப் பெண் கொடுமைக்குள்ளாகி இறந்தபின், 1998இல் பெண்கள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போவதையே அரசு தடைசெய்தது. பிறகு தளர்த்தியது. 2012இல் 30 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்கள் அங்கே வீட்டு வேலைக்குப் போகக்கூடாது என்று மறுபடி நிறுத்தியது. பெண்கள் போவதை நிறுத்தவில்லை. திறந்த எல்லை வழியாக இந்தியாவுக்குள் வந்து டெல்லியிலிருந்தும் மும்பையிலிருந்தும் விமானம் ஏறினார்கள். பதிவில்லை, ஒப்பந்தமில்லை, தரகருக்குக் கூடுதல் பணம். இந்தியாவும் அதே 30 வயதைத்தான் வைத்திருந்தது. இலங்கை 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்து, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தாய்மார்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னது. எதிலும் ஒன்றுபடாத நாடுகள் என்கிறார்களே, இதில் எவ்வளவு ஒற்றுமை!

உண்மையில் செய்திருக்கக்கூடிய காரியம் ஒன்று இருந்தது. 2006இல் பிலிப்பைன்ஸ் தன் வீட்டுப் பணிப்பெண்களுக்கு மாதம் 400 டாலருக்குக் குறையாத சம்பளம் வேண்டும் என்று அறிவித்தது. தனியாக நின்ற நாடு அது. அந்தச் சம்பளம் கொடுக்க விரும்பாதவர்கள் இலங்கை, நேபாளம், பங்களாதேஷ் பக்கம் திரும்ப முடிந்தது. இந்த நாடுகள் சேர்ந்து ஒரே சம்பளத்தைக் கேட்டிருந்தால்? பொருளாதார ஒருங்கிணைப்பு என்ற சொல்லுக்கு எனக்குப் புரிகிற பொருள் இதுதான். 2014 காத்மாண்டு உச்சிமாநாட்டுப் பிரகடனத்தில் பாதுகாப்பான தொழிலாளர் புலம்பெயர்வுக்கு ஒத்துழைப்போம் என்று ஒரு பத்தி சேர்ந்தது. அதற்குப் பிறகு சார்க் உச்சிமாநாடு கூடவே இல்லை. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்கவேண்டியது ரத்தானதோடு சரி.

இனி, குறைவாக ஒருங்கிணைந்த பகுதி என்ற வாக்கியத்துக்கு வருகிறேன். திண்டுக்கல், கோவை, ஈரோடு, விருதுநகர்ப் பக்கத்து நூற்பாலைகளில் ஓடும் நூல் எங்கே போகிறது என்று கேட்டால் அந்த வாக்கியம் ஆட்டம் காணும். இந்தியப் பருத்தி நூலை மிக அதிகமாக வாங்கும் நாடு பங்களாதேஷ். சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்து, மூன்று வருடம் விடுதியில் அடைத்து, கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று சொல்லி நம் மில்களில் சேர்க்கப்பட்ட பெண்களை நமக்குத் தெரியும். பெரும்பாலும் தலித் குடும்பத்துப் பெண்கள், பதினைந்து பதினாறு வயதில் வந்தவர்களும் அதில் உண்டு. பஞ்சுத் தூசியில் இரவு ஷிப்ட் நின்று அவர்கள் ஓட்டிய நூல், காஜிப்பூரிலும் நாராயண்கஞ்சிலும் துணியாகி, அங்கே இன்னொரு பெண்ணின் கைக்குப் போய், சட்டையாகி, ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறுகிறது. இந்தக் கண்ணியில் ஒருத்தி முடித்த இடத்தில் இன்னொருத்தி தொடங்குகிறாள். கணக்கேட்டில் அது நூல் ஏற்றுமதி, இத்தனை கிலோ.

இங்கே இன்னொரு எளிய கதையும் தயாராக இருக்கிறது, அதையும் நான் ஏற்பதில்லை. தடையற்ற வணிகம் பெண்களை நசுக்கும், ஆகவே வேண்டாம் என்பது. நைலா கபீர் டாக்காவின் ஆடைத் தொழிலாளிகளையும் லண்டனில் வாழ்ந்த பங்களாதேஷ் பெண்களையும் ஒப்பிட்டு 2000இல் ஒரு நூல் எழுதினார். பர்தா வழக்கம் ஊன்றியிருந்த டாக்காவில் பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தொழிற்சாலைக்கு நடந்து போனார்கள். லண்டனிலோ வீட்டுக்குள் இருந்தபடி பீஸ் ரேட்டுக்குத் தைத்தார்கள். அந்த டாக்கா நடைக்குக் காரணம் ஏற்றுமதி வணிகம். சம்பளம் குறைவு, வேலை கடினம். ஆனாலும் அந்த நடையைப் பறித்துவிட்டுப் பெண்ணைக் காப்பாற்றியதாகச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

அதே நடை 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசாவுக்குள்ளும் போனது. 1,100க்கும் மேற்பட்டவர்கள் இடிபாட்டில் செத்தார்கள். 2023 இறுதியில் மாதம் 23,000 டாக்கா குறைந்தபட்சக் கூலி கேட்டுத் தெருவுக்கு வந்தபோது, சுடப்பட்டு இறந்தவர்களில் ஒரு பெண் தொழிலாளியும் உண்டு. கிடைத்தது 12,500. கூலியை ஏற்றினால் ஆர்டர் பக்கத்து நாட்டுக்குப் போய்விடும் என்பதுதான் எல்லா இடத்திலும் முதலாளிகள் சொல்லும் பதில். திருப்பூரில் பங்களாதேஷைக் காட்டுவார்கள், டாக்காவில் இந்தியாவையும் வியட்நாமையும் காட்டுவார்கள், கட்டுநாயக்கவில் எல்லோரையும் காட்டுவார்கள். அந்தப் பதிலை முறிக்கத்தான் ஆசிய அடிப்படைக் கூலி கூட்டணி தொடங்கியது. எந்த நாட்டில் தைத்தாலும் ஒரு குடும்பம் வாழத் தேவையான கூலி என்ற ஒரே அளவுகோலைத் தொழிற்சங்கங்கள் சேர்ந்து முன்வைத்தன. அது நடைமுறைக்கு வந்துவிடவில்லை. ஆனால் பிராந்தியம் என்ற சொல்லைத் தொழிலாளி எப்படிப் பயன்படுத்துவாள் என்பதற்கு அது ஓர் உதாரணம். சார்க் பற்றிய நூல்களில் நான் அதைத் தேடித்தான் பார்க்கிறேன்.

2025இல் நடந்ததைப் பாருங்கள். ஏப்ரலில் இந்தியா, தன் துறைமுகங்கள் வழியாகப் பங்களாதேஷ் சரக்கு மூன்றாம் நாட்டுக்குப் போகும் வசதியை விலக்கிக்கொண்டது. அதே மாதம் பங்களாதேஷ், தரைவழிச் சாவடிகள் மூலம் இந்திய நூல் வருவதை நிறுத்தியது. மே மாதம் இந்தியா, பங்களாதேஷ் ஆயத்த ஆடைகள் தரைவழியாக வரக்கூடாது, நவசேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டும் வரலாம் என்றது. இங்கே பேசப்பட்டதெல்லாம் யாருக்கு லாபம் என்பதுதான். ஆடை தைத்து அனுப்பும் திருப்பூருக்கு டாக்கா போட்டியாளர். நூல் விற்கும் திண்டுக்கல்லுக்கு டாக்கா வாடிக்கையாளர். தமிழ்நாட்டுக்குள்ளேயே நலன் இரண்டாகக் கிடக்கிறது. இருபக்கமும் முதலாளிகள் சங்கம் வைத்து டெல்லிக்கு மனு அனுப்புகிறார்கள். ஷிப்ட் குறைந்தால் விடுதியிலிருந்து ஊருக்கு அனுப்பப்படும் பெண் யாருக்கு மனு எழுதுவாள்?

பாக் நீரிணைக் கதை இதைவிடச் சிக்கலானது. இருதரப்புச் சச்சரவுகளை எடுக்கக்கூடாது என்று சார்க் சாசனத்தின் பத்தாம் பிரிவு சொல்கிறது. ஆகவே இராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் இடையிலான கடல் அங்கே பேசுபொருளே ஆகமுடியாது. இக்கரையில் கணவன் சிறைப்பட்டால் வட்டிக்கு வாங்கி வீட்டை ஓட்டுவது பெண். அக்கரையில், போர் முடிந்து கடனுக்கு வாங்கிய வலையை இழுவைப்படகு இரவோடிரவாக அறுத்துவிட்டால், அந்தக் கடனுக்கு நுண்கடன் நிறுவனத்திடம் பதில் சொல்வதும் பெண். தமிழ் மீனவர் பிரச்சினை என்று இங்கே நாம் எழுதும்போது அக்கரைத் தமிழ்ப் பெண்ணின் வலை நம் வாக்கியத்திலிருந்து விழுந்துவிடுகிறது. இதைப் பெண்ணியவாதிகளும் அதிகம் பேசவில்லை என்பது என் மனத்தாங்கல்.

நல்ல முயற்சிகள் இல்லாமலில்லை. இந்திய-பங்களாதேஷ் எல்லையில் 2011 ஜூலையில் மேகாலயாவின் காலாய்சரில் முதல் எல்லைச் சந்தை திறந்தது. சுற்றிலும் ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறவர்கள் காய்கறி, துணி, பழம் என்று வரியில்லாமல் உள்ளூர்ப் பணத்திலேயே விற்கலாம். காரோ மலை தாய்வழிச் சமூகம் வாழும் இடம். அப்படியிருந்தும் எல்லைச் சந்தைகளில் பெண்களின் பங்கு குறைவாகவே இருந்ததாக ஆய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கடை ஒதுக்கும் பட்டியலில் யார் பெயர் ஏறுகிறது, கழிப்பறை இருக்கிறதா என்பன ஒப்பந்தத்தில் இடம்பெறாத விஷயங்கள். இன்னொன்று, சார்க் வளர்ச்சி நிதி தந்த உதவியில் நேபாளம், பூட்டான் போன்ற நாடுகளில் வீட்டிலிருந்தே நெய்து தைக்கும் பெண்களுக்காக அமைந்த ‘சபா’ அமைப்புகள். சார்க் செய்தவற்றில் எனக்கு மனத்துக்கு நெருக்கமானது இதுவே. ஆனால் வீட்டுவழி வேலை பற்றிய 1996ஆம் ஆண்டு ஐ.எல்.ஓ. உடன்படிக்கையை ஒரு சார்க் நாடும் ஏற்கவில்லை. திட்டத்துக்குப் பணம் கொடுப்பார்கள், உரிமைக்குக் கையெழுத்திடமாட்டார்கள்.

அரசுகள் கூடாதபோதும் பெண்கள் கூடியிருக்கிறார்கள். கமலா பாசின் 1998இல் தொடங்கிய ‘சங்கத்’ வலையமைப்பு, பாகிஸ்தான், நேபாளம், இலங்கை, பங்களாதேஷ், இந்தியா என்று பல நாட்டுப் பெண்களை ஒரே பயிற்சியில் உட்காரவைத்தது. அப்படியான கூட்டங்களுக்கு முதல் தடை விசாதான். சார்க் 1992இல் ஒரு விசா விலக்குத் திட்டம் கொண்டுவந்தது. நாடாளுமன்ற உறுப்பினர், நீதிபதி, தொழிலதிபர், பத்திரிகையாளர், விளையாட்டு வீரர் என 24 வகையினருக்கு அது உண்டு. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, பாகிஸ்தானியருக்கு இந்தியா அதை ரத்துசெய்து 48 மணி நேரத்தில் வெளியேறச் சொன்னது. அந்த வாரம் அட்டாரியில் நின்றவர்களில், எல்லைக்கு அப்பால் கல்யாணம் முடித்துப் போய், தாய்வீட்டைப் பார்க்க வந்த பெண்களும் இருந்தார்கள். குழந்தைகளின் பாஸ்போர்ட் பச்சை, தாயின் பாஸ்போர்ட் நீலம். குழந்தைகள் போகலாம், நீ போகமுடியாது என்று வாசலில் சொன்னார்கள்.