மறுகரையில் ஒரு மறுவாசிப்பு: பொன்னியின் செல்வனும் சூடாமணி விகாரமும்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தது. சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைக் கடையில் வாங்கிய தொகுதிகளின் வழி அதனை இளமையில் படித்தவருள் இக்கட்டுரையாளரும் ஒருவர். பன்னிரண்டு வயதில் அது சாகசக் கதை. வந்தியத்தேவனின் குதிரை, சுரங்க வழிகள், கோடிக்கரையில் பூங்குழலியின் படகு ஆகியவையே நெஞ்சில் நின்றன. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம், குளிர்சுரத்தால் வாடிய அருள்மொழிவர்மர் மறைந்திருந்த இடம், அவ்வளவே.

ஐம்பதைக் கடந்தபின் மீண்டும் படிக்கையில், அவ்விடத்தை எளிதில் கடந்து செல்ல இயலவில்லை. லெய்டன் செப்பேடு எனவும் வழங்கும் ஆனைமங்கலச் செப்பேட்டின்படி, அவ்விகாரம் கடாரத்து அரசன் சூளாமணிவர்மனின் பெயரில் அமைந்தது. முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்கு வழங்கினான். கதை நிகழ்காலமோ அவன் முடிசூடிய 985ஆம் ஆண்டிற்கு முற்பட்டது. ஆகவே, கல்கி விகாரத்தைக் காலத்தால் முன்கொணர்ந்துள்ளார் எனலாம்.

இதனைப் பிழையெனச் சுட்டுவதோடு திறனாய்வு நின்றுவிடலாகாது. அடைக்கலம் முதலில், கொடை பின்னர் என நிரல்படுத்துவதால், அரசியல் உறவொன்று நன்றிக்கடனாக உருப்பெறுகிறது. கடல் பொங்கி விகாரத்துள் புகும்போது தலைமைப் பிட்சுவை இளவரசர் மீட்கும் காட்சி அவ்வுறவின் உச்சமாகும்.

ஆயின் 1025இல் இராசேந்திரனின் கடற்படை கடாரத்தையும் ஸ்ரீவிசயத்தையும் தாக்கியது. கதை அதற்கு நெடுங்காலம் முன்பே முடிந்துவிடுவதால், வாசகர் நட்பின் நினைவோடு மட்டும் விடைபெறுகிறார். காவிரிக் கரையில் நின்று நோக்குவோர்க்கு அப்படையெடுப்பு பெருமிதம். சிங்கப்பூர்த் தமிழ் மாணவரோ அக்கப்பல்கள் வந்து சேர்ந்த கடற்பகுதியில் வாழ்பவர். தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம் 2009இல் சிங்கப்பூரில் வெளியிட்ட 'நாகப்பட்டினத்திலிருந்து சுவர்ணதுவீபம்' பற்றிய ஆங்கிலத் தொகுப்பு, இப்படையெடுப்பை இரு கரைகளிலிருந்தும் ஆராய்வது ஈண்டு நோக்கத்தக்கது.

2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்த திரைப்படங்களின் வழி இந்நாவலை அறிந்த மாணவர் இன்று பலர். அவர்களிடம் சோழர் வீரத்தை மட்டும் எடுத்துரைப்பது போதாது. 'நாம் எந்தக் கரையில் நின்று இதனைப் படிக்கிறோம்?' என்ற வினாவையும் ஆசிரியர் எழுப்புதல் வேண்டும். அவ்வினா கதையின் சுவையைக் குறைப்பதில்லை. மறுவாசிப்பிலும் வந்தியத்தேவனின் குதிரை இக்கட்டுரையாளரை நள்ளிரவு வரை உறங்கவிடவில்லை. மாறியது கதையன்று, படிப்பவர் நிற்கும் கரையே.